எண்ணெய் சூடாகும் வரை

1

நன்றி சொல்ல ஆள் கிடைக்காததால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். என் மகள் பிறந்த அன்று விடியற்காலையில் தெருவில் முழங்கால் அளவு பனி. ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு லாரிதான் பனியைத் தள்ளிக்கொண்டே எங்கள் காருக்கு முன்னால் ஆஸ்பத்திரி வரை போனது. அதை ஓட்டியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காத ஆளைப் பற்றி எழுதுவதென்றால் கொஞ்சம் புளுகத்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘சீறிப் பாய்ந்தது லாரி. மீசையை முறுக்கியபடி அவர் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்க—’

இதைக் கொழுந்தனாரிடம் படித்துக் காட்டினேன். லாரி கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டுவது அவருக்குத் தொழில். மீசை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர் ‘மிதிக்க’ என்றதும் சிரித்துவிட்டார்.

“அண்ணி, அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. அந்தக் குளிர்ல கியர் எண்ணெய் கெட்டியாகிக் கிடக்கும். ஸ்டார்ட் பண்ண உடனே மிதிச்சா முதல் கியரை விட்டு மேல ஏறவே ஏறாது. ஏறினாலும் ஆளைத் தூக்கிப் போடும். எண்ணெய் சூடாகுற வரைக்கும் நியூட்ரல்ல விட்டுட்டுக் காத்திருக்கணும்.”

“அவசரம்னா?”

“அவசரம்னாதான் கண்டிப்பா காத்திருக்கணும். நடு ரோட்டுல கியர்பாக்ஸ் படுத்துச்சுன்னா, அப்புறம் உங்க காருக்கு வழியை மறிக்கிறதே அந்த லாரிதான்.”

மீசையை அடித்துவிட்டேன். சீறலையும்.

3

அப்போதுதான் எனக்கு அந்த விடியற்காலை புரிந்தது. பனி அள்ளும் லாரிகளின் கொட்டகை எங்கள் தெருமுனையில் இருந்தது. நான் காரின் பின்சீட்டில் சுருண்டு கிடந்தேன். லாரி உறுமத் தொடங்கிய சத்தம் கேட்டு, ‘அப்பாடா’ என்று இருந்தது. ஆனால் உறுமிக்கொண்டே இருந்ததே தவிர, நகரவில்லை.

என் கணவர் தெருவில் இறங்கிக் கத்தினார். “யோவ், உள்ள என்ன தூங்குறியா? இங்க புள்ளத்தாச்சி துடிச்சிட்டிருக்கா!”

(இஞ்சின் சத்தத்தைத் தாண்டி அது உள்ளே கேட்டதா? தெரியாது. கதை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.)

4

இரண்டாவது தொடக்கம். மீசை போனதோடு ஆணும் போகட்டும்.

அவள் பல வருஷம் கிளட்ச் வண்டி ஓட்டியவள். இல்லாத கிளட்ச்சை இடது கால் இன்னும் தேடும். போன வாரம் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்து, நெற்றியில் ஒரு புடைப்பு வாங்கியிருந்தாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தால், ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்ட ஒருவன் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால், கதவு திறந்த கார். யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கியரைப் போட்டாள். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, ஊர்ந்து, மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நியூட்ரலுக்கு வந்தாள்.

“இரும்மா, கொஞ்சம் இரு,” என்றாள்.*

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவில்லை என்று திட்டுவோம். சூடாகப் பொறுப்பதும் அதே அளவு கஷ்டம்தான், அதுவும் ஒருவன் வெளியே நின்று வைதுகொண்டிருக்கும்போது. அவள் பொறுத்தாள். எண்ணெய்ச் சூடு காட்டும் முள் மெல்ல எழுந்தது. பிறகு...

* இது லாரிக்கு இல்லை, எனக்குச் சொன்னது. என் ஆசை, அப்படியே இருக்கட்டும்.

5

பிறகு நடந்தது புளுகு இல்லை. லாரி எங்களுக்கு முன்னால் நிதானமாகப் போனது. சந்திப்பில் இடது பக்கம் பெரிய சாலை, வலது பக்கம் ஆஸ்பத்திரி. வலப்பக்கம் திரும்பியது. அவசரப் பிரிவு வாசல் வரைக்கும் பனியைத் தள்ளிவிட்டு, முன்னால் இருந்த தள்ளு தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து போய்விட்டது. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. “நல்ல நேரத்துக்கு வந்தீங்க,” என்றார் டாக்டர்.

முதல் முடிவு: அவள் கத்தலைக் கேட்டாள், எங்களுக்காகவே திரும்பினாள்.

இரண்டாவது முடிவு: ஆஸ்பத்திரிச் சாலைதான் அவளுடைய அன்றைய முதல் வேலை. எங்களைக் கவனிக்கவே இல்லை.

என் கணவருக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. “நான் வஞ்சது அவங்க காதுல விழாமலே இருக்கட்டும்,” என்கிறார். கொட்டகையில் விசாரித்தோம். அந்தப் பனிக்காலத்துக்கு மட்டும் வந்த ஓட்டுநர்களாம், ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களாம்.

6

ஆகவே, முடிவை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியும் அது. பக்கத்து அறையில் ஒரு ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காணோம் என்று வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் இருப்பது அந்த லாரியை ஓட்டியவருக்குத்தான். ஆஸ்பத்திரி வாசல் வரை தான் கொண்டுவிட்ட கார் என்ன ஆனது என்று கேட்கக்கூட அவருக்கு வழியில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது குளிர்காலத்தில் லாரி ஓட்டினால், ஒரு நாள் பின்னால் ஒரு கார் வந்ததா என்று கேளுங்கள். ஆள் மாறினாலும் பரவாயில்லை; வெளியே ஒருவன் கத்த, உள்ளே எண்ணெய் சூடாகக் காத்திருந்த யாருக்கும் இது சேரும். பெண் குழந்தை என்று சொல்லுங்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.