நாற்பது நாள் கையிருப்பு

உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றி முடித்து இரண்டரை வருடம் ஆகிறது. நோய் போயிற்று, கூடவே விந்தணுவும் போயிற்று. மூன்று பரிசோதனை, மூன்றிலும் பூஜ்யம். நாலாவதும் அப்படியே வந்தால் பிள்ளை ஆசையை அத்தோடு விட்டுவிடுவது என்று மனைவியும் அவரும் பேசி முடித்துவிட்டுத்தான் அன்று காலை டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாதிரியைக் கொடுத்தாயிற்று. படிவத்தில் எழுத, கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். இரண்டிலிருந்து ஏழு நாள்தான் வழக்கம்.

"நாப்பது" என்றார் ஸ்டோர்கீப்பர், பெருமையாகவே.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. மனைவி திரும்பிப் பார்த்தாள். வரத்து குறைந்த சரக்கை வெளியே விடாமல் சேர்த்தால்தானே கண்ணில் ஏதாவது படும் என்று அவர் விளக்கம் சொன்னார். பத்து வருடக் கிடங்கு வேலை அப்படித்தான் பேசும்.

"அதுக்குத்தான் ஹால்ல போய்ப் படுத்தீங்களா? என் மூஞ்சி புடிக்காமப் போச்சுன்னுல்ல நெனச்சேன்."

"சொன்னா நீ சிரிப்ப."

"இப்ப மட்டும் அழுறேனாக்கும்" என்றாள். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

டாக்டரம்மா தாளில் ஒரு வளையம் வரைந்தார். விரைக்குள் இருக்கிற நுண்குழாய் ஒன்றைக் குறுக்கே வெட்டினால் இப்படி இருக்குமாம். சுவரை ஒட்டி மூலச்செல்கள். அவை பெருகும்போது சில அங்கேயே தங்கிவிடும். மற்றவை கிளம்பி, பலவாகி, வால் முளைத்து விந்தணுவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தங்குகிறவை இருக்கும்வரை வரிசை அறாது. எலிக்கும் யானைக்கும் இதே ஏற்பாடுதான். வேகமாகப் பெருகுகிறவற்றைத்தான் மருந்து முதலில் அடிக்கும். சும்மா கிடந்த மூலச்செல் ஒன்றிரண்டு தப்பியிருந்தால், மெல்லச் சுவரை நிரப்பிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். ஒன்றுகூடத் தப்பாமலும் போயிருக்கலாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

"இது கிடங்கு இல்லீங்க. சேத்து வெச்சா பழசு உள்ளயே செத்துப்போகும். உற்பத்தி நடக்குதாங்கிறதுதான் கேள்வி."

ஆய்வகத்துப் பெண் எட்டிப் பார்த்து, முதல் துளியில் ஒன்றும் இல்லை என்றாள். மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கக்கா, இன்னும் முடியல." மிச்சத்தைச் சுழலும் இயந்திரத்தில் போட்டிருக்கிறாளாம். இருப்பதெல்லாம் அடியில் படியும். அந்த வண்டலைத் துழாவிப் பார்க்காமல் பூஜ்யம் என்று அவள் கை எழுதாது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோபம் தீராமலே மனைவி அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஆய்வகத்துப் பெண் இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"ஆறு தேறுச்சு. நாலு அசையல. ரெண்டு ஓடுது."

இதை உடனே உறையவைத்துவிடலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆறை வைத்துப் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுவரில் யாரோ தப்பிப் பிழைத்து வேலை செய்கிறார்கள், அது நிச்சயம்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த ஸ்டோர்கீப்பர் எடுக்கவே இல்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணு போகுது."

"எங்க போகுது?"

"தெரியல. ஆனா போகுது."

"சரி, நகருங்க" என்று அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மனைவி குனிந்தாள்.