சுலக்சன் உள்ளே வந்த நேரங்கள்

சுலக்சனைக் கள்ளன் என்று நான் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு எனக்கு அரைமணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பஸாலுக்குக் கோபம் முன்னால் போகும், புத்தி பின்னால் ஓட்டோ பிடித்து வரும் என்பார்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. எங்கள் என்றால் எனக்கும் சுலக்சனுக்கும். எட்டு வருடக் கூட்டு. பாட்டெழுதி மெட்டுப் போட்டுப் பதிவது நான். அவன் பெரியநீலாவணைத் தமிழ்ப் பொடியன். பகலில் கணினி வகுப்பில் படிப்பித்துவிட்டு, இரவுகளில் வந்து கீபோர்ட் வாசிப்பான், பாட்டை மிக்ஸ் பண்ணுவான். பழைய கணினியை வைரஸ் தின்ற பிறகு லினக்ஸ் போட்டுத் தந்தவனும் அவன்தான். எந்த ட்ரைவர், எந்த அவுட்புட், எந்தச் சத்தம் எந்த வழியால் போக வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது பாட்டைப் போடும் பொத்தான் ஒன்றுதான்.

மீலாத் விழாவுக்குப் பத்துப் பாட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சத்தம் ஒளித்து விளையாடத் தொடங்கியது. மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்று புதிதாக வாங்கியிருந்தோம். பொக்ஸ் என்போம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பாட்டைப் போட்டால் ஊமை! செட்டிங்கைத் திறந்து பார்த்தால், சத்தத்தின் அவுட்புட் பொக்ஸில் இல்லை, கணினித் திரையில் போய்க் குந்திக்கொண்டிருக்கிறது. அந்தத் திரையில் ஸ்பீக்கரே கிடையாது. நான் ஏசிக்கொண்டு மௌஸைப் பிடிப்பதற்குள், நான் தொடாமலே அது பொக்ஸுக்குத் திரும்பும். பாட்டு காதைப் பிளக்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் இதே கூத்து. ஜின் வேலையோ என்று வீட்டில் சொன்னேன்.

"ஜின்னுக்கு லினக்ஸ் தெரியுமா?" என்று என் மனைவி ஸம்றா கேட்டாள்.

ஜின்னுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் இருக்கிறானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யார் எப்போது கணினிக்குள் வந்தார்கள் என்று காட்டும் கட்டளை ஒன்றை முன்பு அவனே சொல்லித் தந்திருந்தான். செவ்வாய்க்கிழமை அதைத் தட்டினேன். திரை முழுக்க அவன் பெயர். பன்னிரண்டு முப்பத்தாறு, சுலக்சன். மூன்று ஐம்பது, சுலக்சன். ஆறு முப்பத்துமூன்று, சுலக்சன். பத்து நாளாக, நான் தொழப் போய்வரும் நேரம் பார்த்து, வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறான். ஏதும் பிழை வந்தால் வீட்டிலிருந்தே பார்ப்பதற்கென்று அவன் ஒரு வழி போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியும். பிழையைச் செய்வதற்கும் அதே வழிதானே!

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாய்ந்தமருதில் புதிதாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் திறந்திருந்தார்கள். அதன் வாசலில் சுலக்சனின் மோட்டார் சைக்கிளை நானே இரண்டு தரம் கண்டிருந்தேன். எங்கள் பத்துப் பாட்டும் அங்கே போய்விட்டன என்று என் மனம் கதை கட்டியது. எட்டு வருடம் என் வீட்டில் பெருநாள் சாப்பாடு சாப்பிட்டவன்!

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. கடவுச்சொல்லை மாற்றினேன். அம்பாறைக் கரையோரத்துப் பாட்டுக்காரர்கள் நூற்று நாற்பது பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி ஒன்று போட்டேன். "சுலக்சன நம்பி ஒருத்தரும் பாட்டுக் குடுக்காதீங்க. அவன் கள்ளன். என்னட்ட ஆதாரம் இரிக்கி." போட்டு முடித்ததும் பெரிய நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

சுலக்சனிடமிருந்து பதில் வரவில்லை. கள்ளனுக்கு வாய் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை லுஹருக்குப் பிறகு பாட்டைப் போட்டேன். ஊமை. தானாகத் திரும்பி வரும் என்று பார்த்தால் வரவுமில்லை. கம்பியூட்டரை நிற்பாட்டிப் போட்டு, ஒரு மணித்தியாலம் போராடித்தான் சத்தத்தை எடுத்தேன். போகும்போது ஏதோ செய்வினை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சாட்சி தேடினேன். பொக்ஸ் எந்த நேரம் கழன்றது என்பதற்கும் கணினி குறிப்பு வைத்திருந்தது. அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஸம்றா வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இஞ்ச பாரு, அவன வெளிய போட்ட பிறகும் பன்னெண்டு பதினொண்டுக்குப் பொக்ஸ் கழண்டிருக்கு. நேத்தும் அந்த நேரம்தான். நேத்துப் பின்னேரம் மூண்டு இருபத்தாறு. மணிக்கூடு வெச்ச மாதிரி!" என்றேன்.

ஸம்றா கடதாசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது பாங்கு நேரமில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது. பாங்கு கேட்டால் பாட்டை நிற்பாட்ட வேண்டும். அது வாப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. என் கை தன்பாட்டில் மேசைக்கு நீண்டது.

"உங்கட கையப் பாருங்க," என்றாள் ஸம்றா.

என் விரல்களில் பொக்ஸின் யூஎஸ்பி வயர் இருந்தது. கழற்றியிருந்தேன். மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாம் ஒரே இழுப்பில் அடங்கிவிடும் என்று பத்து நாளாக நான்தான் கழற்றியிருக்கிறேன். தொழுதுவிட்டு வந்து நானே வயரைத் திரும்பக் குத்தியிருக்கிறேன். பொக்ஸ் கழன்றால் சத்தம் திரைக்குப் போய்விடுகிறது. குத்தினாலும் யாராவது திருப்பி இணைக்கும்வரை வருவதில்லை. இணைத்துக்கொண்டிருந்தவனைத்தான் நான் வெளியே போட்டிருந்தேன்.

யா அல்லாஹ்! குரல் செய்தியை அழித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டு முடித்திருந்தார்கள். பிழை என்னுடையது என்று இன்னொரு செய்தி போட்டுவிட்டு, தொழுத கையோடு பெரியநீலாவணைக்கு வண்டியை விட்டேன்.

சுலக்சன் கேற்றடியில் நின்றான். எப்போதும் அண்ணன் முறை வைத்து "உள்ள வாங்க நானா" என்பவன் அன்று சொல்லவில்லை. நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"ரெண்டாம் நாளே. பொக்ஸ் கழண்டா என்ட ஃபோனுக்கு மெசேஜ் வரும். பக்கத்து மருதமுனைப் பள்ளிப் பாங்கு எங்கட வீட்டுக்கும் கேக்கும்தானே. உடன விளங்கிற்று."

"சாய்ந்தமருதுக்கு ஏன் போன?"

"அவங்களிட்டயும் இதே பொக்ஸ் இருக்கு. கழட்டிக் குத்தினா தானா இணையிற மாதிரிச் செய்யேலுமா எண்டு அதில சோதிச்ச நான்."

"ஏன்டா இவ்வளவு பாடு? வயரக் கழட்டாதீங்க, சத்தக் குமிழத் திருகுங்க எண்டு ஒரு வசனம் சொன்னா முடிஞ்சிருக்குமே!"

"அந்த ஒரு வசனத்தத்தான் பத்து நாளா யோசிச்ச நான்," என்றான். "எப்பிடிச் சொன்னாலும், பாங்குக்கு நீங்க செய்ற வேலையில ஒரு தமிழ்ப் பொடியன் பிழை பிடிக்கிற மாதிரித்தான் வந்திச்சு."

"நான் உன்னப் பிழையா விளங்குவனா? எட்டு வருசம்டா!"

அவன் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவன்போலத்தான் கேட்டான்.

"ஒரு லிஸ்ட்டப் பாத்திட்டு என்னக் கள்ளன் எண்டு ஊருக்கே சொன்னீங்க. அப்ப நான் பயந்தது பிழையா, நானா?"

"இல்ல," என்றேன். "நீ பயந்தது சரி."