கேட்டுக்கு வெளியே சிண்டு

ஜீடிமெட்லாவில் தான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி வாசலில் ஸ்கூட்டர் அடித்துக் கிடந்த நாயை, மடியில் வைத்து ஆட்டோவில் மாரெட்பள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் லலிதா. சிண்டு என்று பெயர் வைத்ததும், சோறு பிசைந்து போட்டதும் அவள்தான். கால் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் சோபாவுக்கு அடியில் போய்விடும். கேட்டைத் தாண்டியதே இல்லை.

மாடியில் குடியிருந்த பூர்ணா, கோயம்புத்தூர்ப் பெண். ஒருநாள் நாய் பழக்கும் கிளிக்கரோடு இறங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்கும் பொருள்; அழுத்தினால் 'டிக்' என்னும். சிண்டு தைரியமாக எதைச் செய்தாலும் அந்த நொடியில் ஒரு டிக். உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. சீக்கிரமே சிண்டு அவள் காலடிச் சத்தத்துக்கே மாடிப்படிக்கு ஓடியது.

"உன் சக்களத்தி வந்துட்டா பாரு," என்றார் லலிதாவின் கணவர் புருஷோத்தமன்.

"கோழிக்குத்தான் வாலாட்டுது. எனக்கு அந்த லஞ்சமெல்லாம் நக்கோ, வேண்டாம்."

ஆனால் பூர்ணா இல்லாத நேரங்களில் லலிதா, அவள் கீழேயே விட்டுப்போன கிளிக்கரை எடுத்து அழுத்தினாள். சிண்டு ஓடிவந்தது. வெறும் கையால் தலையைத் தடவினாள். மறுநாளும் வந்தது, கையை முகர்ந்தது, போய்விட்டது. பிறகு டிக் கேட்டும் காதை அசைக்கவில்லை.

சனிக்கிழமை பூர்ணாவுக்கும் அதே கதிதான்.

"யாராச்சும் சும்மா அழுத்துனீங்களா ஆன்ட்டி? டிக்குன்னா துண்டு உண்டுங்கறது அதுக்கு நாம குடுத்த வாக்குங்க."

லலிதா புருஷோத்தமனைப் பார்த்தாள்.

"ஏன் முழிக்கறே? சொல்லேன்," என்றார் புருஷோத்தமன்.

பூர்ணா கோபித்துக்கொள்ளவில்லை; அது லலிதாவுக்கு இன்னும் எரிந்தது. "மொதல்லருந்து வரலாங்க. நீங்களே அழுத்துங்க, நீங்களே குடுங்க. நான் என் ஸ்கூட்டரைக் கொஞ்சங்கொஞ்சமா பக்கத்துல கொண்டாரேன்."

ஸ்கூட்டர் முதலில் தெருமுனையில் நின்றது. வாரங்கள் போகப் போக அருகில் வந்தது. ஒரு மாலை, இன்ஜின் ஓட, கேட்டுக்கு வெளியே நின்றது; பக்கத்தில் பூர்ணா. சிண்டு தயங்கியது, முன்னங்காலை வெளியே வைத்தது, பின் நேராகப் பூர்ணாவை நோக்கி நடந்தது. அவள் கையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இப்ப!"

கேட்டுக்கு உள்ளே நின்ற லலிதாவின் கட்டைவிரல் அசையவில்லை. பூர்ணாவிடம் போவதற்கா தான் பரிசு கொடுக்க வேண்டும்? சிண்டுவின் மூக்கு அந்தக் கையைத் தொடப்போனது. லலிதா அழுத்தினாள்.

டிக்.

சிண்டு திரும்பியது. உறுமும் ஸ்கூட்டரைச் சட்டை செய்யாமல் ஓடிவந்து லலிதாவின் முன் நின்றது. பூர்ணாவின் கை அந்தரத்தில் இருந்தது.

லலிதா ஒரு துண்டு கொடுத்தாள். பூர்ணாவைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் கொடுத்தாள்.