மூன்றாம் மாடிக்குப் போன தபால்காரன்

வீடு மாறும் நாளில் எல்லாரும் முதலில் கட்டிலைக் கழற்றுவார்கள், பிறகு அலமாரியை இறக்குவார்கள். லிஃப்ட்காரர் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கே லாரி வந்து நின்றும் ஒன்பதரை வரை ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியை அணைக்காமல் எப்படிக் கொண்டுபோவது என்ற ஆலோசனை நடந்துகொண்டிருந்தது.

பெட்டி என்றால் வீடியோ கேம் பெட்டி. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் வாங்கியது. செங்கல் அளவு இருக்கும், எடையும் ஏறக்குறைய அதே. தலையில் ஒரு கேசட் செருகியிருந்தது. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு ஆறு நாளாக எரிந்தபடி இருந்தது. யார் காலும் படக்கூடாது என்று அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார் லிஃப்ட்காரரின் மனைவி. அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“சார், சுவிட்சை அமுக்குனா விளக்கு அணையும். துணியில சுத்தி அட்டைப்பெட்டியில போட்டா வேலை முடிஞ்சுது” என்றார் சாமான் ஏற்ற வந்தவர்களின் தலைவர். பெரிய மீசை வைத்தவர்.

“அணைச்சா ஆள் செத்துடுவான்.”

மீசைக்காரர் ஓரடி பின்வாங்கினார். “எந்த ஆள் சார்?”

“உள்ளே ஒரு தபால்காரன் இருக்கான். நீங்க பயப்படாதீங்க, கட்டிலைக் கழட்டுங்க” என்றார் டீச்சர்.

லிஃப்ட்காரர் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அதைவிட இரண்டு வருடம் கூடுதலாகத் தபால்காரனாக இருந்தவர். விளையாட்டின் பெயரே அதுதான். நாற்பது தெரு. ஒவ்வொரு தெருவிலும் கடிதம் போட வேண்டும், நாய்க்குத் தப்ப வேண்டும். மூன்று உயிர். நடுவில் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. மூன்று முறை கடிபட்டால் முதல் தெரு. மின்சாரம் போனால் முதல் தெரு. பூனை ஒயரில் தடுக்கினால் முதல் தெரு. இருபத்திரண்டாம் தெருவின் பழுப்பு நாய் அவரைப் பதினோராயிரத்துச் சொச்சம் முறை கடித்திருந்தது. கடைசிக் காலத்தில் அந்த நாய்க்கே சலித்துப்போய், வேண்டாவெறுப்பாகக் கடித்தது என்று அவர் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு கோடுகூட அசையாது.

ஒருமுறை லிஃப்டில் பதினொரு பேர் சிக்கிக்கொண்டார்களாம். கதவைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், இடுக்கு வழியாக அவர்களுக்குத் தபால்காரன் விளையாட்டைத் தெருத்தெருவாக வர்ணித்துக்கொண்டே வேலை பார்த்தாராம். கதவு திறந்தபோது மூன்று பேர், ஒன்பதாவது தெரு முடியாமல் வெளியே வரமாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்களாம். இதை நம்பாதவர்களிடம் அவர் அந்தக் கட்டடத்தின் முகவரியைச் சொல்வார். யாரும் போய்ப் பார்த்ததில்லை.

ஆனால் முப்பத்து நான்கு வருடத்தில் நாற்பதாவது தெருவை அவர் பார்த்ததில்லை. இது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

வம்பு டீச்சரின் தம்பியிடமிருந்து வந்தது. அவர் பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைப் பார்த்துவிட்டு, சாயங்காலமானால் சுவர் அகல டிவியில் புது விளையாட்டுகளாக ஆடித் தள்ளுகிறவர். ஆறு மாதத்துக்கு முன், சொந்தக்காரர்கள் இருபது பேர் கூடியிருந்த இடத்தில் பேச்சு பற்றிக்கொண்டது.

“புதுசுல எல்லாம் நடக்கச் சொல்லிக்கொடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆகுது மச்சான். தலைக்கு மேல அம்புக்குறி. இந்தப் பக்கம் போ, இந்தக் கதவைத் திற, இந்தக் கிழவிகிட்ட பேசுன்னு. நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு?” என்றார் லிஃப்ட்காரர்.

“உங்க விளையாட்டுல நாய் வெறும் நாலு கட்டம் அத்தான். வால் எது, வாய் எதுன்னே தெரியாது.”

“கடிக்கிறது வாய்.”

“இப்ப வர்றதுல நாய் மூச்சு விடுறது தெரியும். மழையில நனைஞ்சா உதறும்.”

“அது உதறட்டும். வாங்கிட்டு வந்த அன்னைக்கே அப்டேட்டு அப்டேட்டுன்னு மூணு மணி நேரம் உட்கார வைக்கிறானே, அது விளையாட்டா, இல்ல ஆஸ்பத்திரியில சேர்த்த நோயாளியா? என் கேசட்டை ஊதிட்டுச் செருகினா ஓடும். அப்புறம் இந்தச் சேமிக்கிற வியாபாரம். செத்தா பத்தடி முன்னாடி எழுப்பி விடுறான். சாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? சேவ் பண்ணி ஆடுறவன் ஆட்டக்காரனே இல்ல.”

சபை கைதட்டியது. பல் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கேயே பந்தயம் கட்டினார். வருடம் முடிவதற்குள் லிஃப்ட்காரர் நாற்பதாவது தெருவை முடித்துவிட்டால், பல் டாக்டர் இனிமேல் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் புது விளையாட்டைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். முடிக்காவிட்டால், லிஃப்ட்காரர் ஒரு வாரம் முழுக்க பல் டாக்டர் கொடுக்கும் புது விளையாட்டை ஆடிவிட்டு, அதே இருபது பேர் முன்னால் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும்.

வருடம் முடிய மூன்று வாரம் இருந்தது. போன ஞாயிறன்று காலை லிஃப்ட்காரர் முப்பத்தொன்பதாவது தெருவின் கடைசி வீட்டில் கடிதத்தைப் போட்டார். கையில் ஒரே ஒரு உயிர் மிச்சம். ‘தெரு நாற்பது’ என்று திரையில் எழுத்து வந்த அதே நொடியில் அவருடைய வலது கட்டைவிரல் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. இடது கையால் நிறுத்து பொத்தானை அமுக்கினார். தெருமுனையில் ஒரு காலைத் தூக்கியபடி தபால்காரன் அப்படியே நின்றுவிட்டான். எலும்பு டாக்டர் விரலை நீவிவிட்டு, பத்து நாள் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது என்றார். ஏழாம் நாள் வீடு மாறும் நாள்.

இப்படித்தான் அன்று காலை ஒன்பதரை மணி ஆனது.

“யூபிஎஸ்ல மாட்டி எடுத்துட்டுப் போறேன்” என்று தீர்ப்புச் சொன்னார் லிஃப்ட்காரர். “டிவி வேண்டாம், பெட்டி மட்டும். அரை மணி தாங்கும். புது வீட்டுக்கு இருபது நிமிஷம்.”

“அந்த யூபிஎஸ் பேட்டரி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?” என்றார் டீச்சர்.

“அஞ்சு.”

“அப்போ அரை மணின்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?”

அவர் யூபிஎஸ்ஸின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். கணக்கு டீச்சரிடம் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் செய்வது இப்படி ஏதாவதுதான்.

லாரியின் முன்சீட்டில் லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். ஒரு தொடையில் யூபிஎஸ், மறு தொடையில் பெட்டி. பக்கத்தில் மீசைக்காரர். தம்பியின் காரில் டீச்சர் முன்னால் போய்விட்டார். யூபிஎஸ் பத்து நொடிக்கு ஒருமுறை ‘கீச்’ என்றது.

“உயிரோட இருக்காரா?” என்று மரியாதையாக விசாரித்தார் மீசைக்காரர்.

“இருக்கான்.”

“நானும் ஆடுவேன் சார். போன்ல, பழம் அடுக்குற கேம். ரெண்டாயிரத்து நூத்திநாலாவது லெவல்.”

லிஃப்ட்காரர் ஏளனமாகத் திரும்பினார். பழம் அடுக்குவதெல்லாம் ஒரு ஆட்டமா என்று கேட்க வாயெடுத்தார். பிறகு ரெண்டாயிரத்து நூத்திநாலு என்ற எண் மெல்ல மண்டைக்குள் இறங்கியது. தன்னுடையது நாற்பதே தெரு.

“செத்தா என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“கொஞ்சம் டீ குடிச்சிட்டு மறுபடி அதே லெவல்தான். பழம் எங்கே சார் ஓடிடப்போகுது?”

பாலத்துக்குக் கீழே ஒரு பேருந்து பழுதாகி நின்றிருந்தது. ஏழு நிமிடம் யாரும் நகரவில்லை. கீச்சுச் சத்தம் ஐந்து நொடிக்கு ஒன்றானது, பிறகு இரண்டு நொடிக்கு ஒன்றானது. முப்பத்து நான்கு வருடப் பேச்சும், இருபது பேரின் கைதட்டலும், பல் டாக்டரின் வாயும் இந்தக் கீச்சுக் கீச்சில் தொங்கிக்கொண்டிருந்தன. மீசைக்காரர் கீழே இறங்கிப் போய், பேருந்தைத் தன் ஆட்களோடு சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தார். “ஒரு உயிர் விஷயம்னு சொன்னேன். எல்லாரும் தள்ளினாங்க” என்றார்.

புது வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. லிஃப்ட்காரர் ஒரு நொடி காதைக் கொடுத்துக் கேட்டார். மேலே மோட்டார் முனகிய முனகல் அவருக்குப் பிடிக்கவில்லை. தொழில் தெரிந்தவர் எந்த லிஃப்டையும் அவசரத்துக்கு நம்பமாட்டார். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். அறுபத்து நாலு படி. அந்த வயதில் அவர் அத்தனை வேகமாக ஏறியதைப் பார்த்த இரண்டாம் மாடிக்காரர் ஒருவர், ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று எண்ணிக் குடும்பத்தோடு கீழே இறங்கிவிட்டார்.

“அத்தான், இங்கே! இந்த பிளக் ரெடியா இருக்கு” என்று கூடத்து மூலையிலிருந்து கத்தினார் பல் டாக்டர். பந்தயக்காரராக இருந்தாலும் நியாயஸ்தர். எதிராளி மின்சாரத்தால் தோற்பதை அவர் விரும்பவில்லை.

யூபிஎஸ்ஸைச் செருகினார்கள். கீச்சுச் சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மீசைக்காரர் வாசலில் நின்று, “பொழைச்சுட்டாரு” என்று தன் ஆட்களுக்கு அறிவித்தார்.

அப்போது சுவரிலிருந்த அந்த பிளக் ‘சட் சட்’ என்று பொரிந்தது.

“உள்ளே திருகு லூஸு” என்றார் லிஃப்ட்காரர். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டரை எடுத்தார். மண்டியிட்டார். முப்பத்திரண்டு வருடம் அவருடைய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஒயரிலும் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வேறு வழியாக வரும் மின்சாரம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். பிறகு டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் செய்ததால்தான் அவர் ஓய்வு பெறும் வயதை எட்டினார்.

கை சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தது. யூபிஎஸ் ‘கீச்’ என்றது. கை அதன் பொத்தானையும் அமுக்கி அணைத்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அதில் விளக்கு எரியவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மூடியைக் கழற்றித் திருகை இரண்டு சுற்று இறுக்கி, மூடியைப் போட்டு, “ம். இனிமே பொரியாது” என்றார்.

கூடத்தில் எல்லார் கண்ணும் பெட்டிமேல் இருந்தது.

அவர் மெதுவாகத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு இல்லை.

“அத்தான்…” என்று ஈரக்குரலில் ஆரம்பித்தார் பல் டாக்டர். “பந்தயத்தை விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, மாடிகளுக்கு நடுவே வருடக்கணக்கில் சிக்கியிருந்த கூண்டு தானாகக் கீழிறங்கித் தரைத்தளத்தில் ‘டக்’ என்று நிற்பதுபோல நின்றது. கதவு திறந்து காற்று வந்தது. இனி நாற்பதாவது தெருவுக்குப் போக வேண்டியதில்லை. பழுப்பு நாயைப் பார்க்க வேண்டியதில்லை. கட்டைவிரலுக்கும் விடுதலை.

“அதெப்படி? பந்தயம்னா பந்தயம்தான். தோத்துட்டேன். கொண்டா உன் புது விளையாட்டை” என்றார்.

“இப்பவேயா? விரல் பூட்டிக்கிட்டு இருக்கே?”

“அழுத்தி அமுக்க வேண்டாமாமே அதுல. லேசாத் தொட்டாலே போதுமாமே.”

டீச்சர் அவரையே உற்றுப் பார்த்தார். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

லிஃப்ட்காரர் முகத்தை மாற்றாமல் இருக்க முயன்றார். வாழ்க்கையில் முதல்முறையாக முடியவில்லை. “உன் தம்பி வீட்டுல ஒருநாள் அவன் குளிக்கப் போனப்போ பத்து நிமிஷம் ஆடிப் பார்த்தேன். அதுல ஒரு மழை பெய்யுதும்மா. சும்மா பெய்யுது. ஓடணும்னு இல்ல, கடிக்க ஒண்ணும் வரல. நான் பாட்டுக்கு ஒரு மரத்தடியில நின்னேன். அன்னையிலேர்ந்து ஆடணும்னு ஆசை. எத்தனை வருஷமா வாய் கிழியப் பேசியாச்சு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்கிறது?”

“கேட்டிருக்கலாமே அத்தான்!”

“இருபது பேரைக் கைதட்ட வச்சுட்டு எப்படிடா கேட்கிறது?”

டீச்சர் சிரிக்க ஆரம்பித்து, சாமான் மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அப்போ அந்த சுவிட்சு? கைப்பழக்கமா, வேணும்னே அணைச்சீங்களா?”

“கைப்பழக்கம்தான்” என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கை என்கிட்ட ஒண்ணும் கேட்கல” என்றார்.

சாயங்காலத்துக்குள் பல் டாக்டர் தன் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். எவ்வளவு கடினமாக வேண்டும் என்று விளையாட்டு கேட்டது. ஐந்து படிகள் இருந்தன. லிஃப்ட்காரர் கூச்சமே இல்லாமல் ஆகக் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். இருண்ட ராஜ்யத்தை மீட்க வீரன் குதிரையில் புறப்பட்டான்.

“வாசலைத் தாண்டி மூணடிதான் வச்சிருக்கீங்க. அதுக்குள்ள நாலு தடவை சேவ் பண்ணிட்டீங்க அத்தான்.”

“கரண்ட் போனா நீயா பதில் சொல்லுவ?”

ஊர் எல்லையில் ஒரு குளம் வந்தது. கரையில் ஒரு தூண்டில் சாய்ந்திருந்தது. லிஃப்ட்காரர் குதிரையை நிறுத்தினார்.

“அதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு. மலைக்குப் போங்க, அங்கே அரக்கன் காத்துக்கிட்டு இருக்கான்.”

“காத்திருக்கட்டும்.”

ஒரு மணி நேரம் ஆனது. மீசைக்காரரும் ஆட்களும் கடைசி அலமாரியை உள்ளே கொண்டுவந்துவிட்டு, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீரில் மேகம் தெரிந்தது.

“என்னங்க, அலமாரியை எந்தச் சுவர்ல வைக்கச் சொல்றது?” என்று உள்ளேயிருந்து கேட்டார் டீச்சர்.

“சத்தம் போடாதீங்கம்மா” என்று மீசைக்காரர்தான் பதில் சொன்னார். “மீன் கிட்ட வந்துடுச்சு.”