வனாக்கு என்று ஒரு பிள்ளைக்கு

1.
இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. சபீனா தன் மகளின் முதல் முடிவெட்டுக்கு என்னை ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். எங்கள் மலைமேட்டில் ஞானத்தாய்தான் முதல் கற்றையை வெட்டிப் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை, மூன்று வயதானாலும், பிள்ளை வெறும் பாப்பாதான்.

2.
முதல் தொடக்கம்: ‘பனி மூடிய சிகரங்களின் நடுவே ஒரு தாய்...’ அடித்துவிட்டேன். சிகரத்தை யார் பார்த்தார்கள்? சபீனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பெயரை அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்: வனாக்கு.

(கம்பளிக்கும் சுமைக்கும் நாங்கள் வளர்க்கும் லாமாவின் காட்டுச் சொந்தம் இந்த மிருகம். லாமாவுக்குக் காதில் வண்ண நூல் கட்டுவோம், இன்னார் வீட்டுது என்று. வனாக்குவுக்கு யாரும் கட்டியதில்லை. அடுத்த பள்ளத்தாக்கில் அது குடும்பப் பெயர். பெண்பிள்ளைக்கு வைத்து நான் கேட்டதில்லை.)

3.
அவள் கணவன் தெயோபிலோவை முரடனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மகளைத் தோளைவிட்டு இறக்காத மனுஷன். ‘துப்புற மிருகம்’ என்று பள்ளியில் ஓட்டுவார்களே என்பதுதான் அவன் கவலை. லூஸ்மிலா என்று வைத்தால் நாளைக்கு நகரத்தில் நல்ல வேலை கிடைக்கும் என்றான்.

சபீனா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒன்பது வயசுல என்னை அரேகிப்பா நகரத்துல ஒரு வீட்டு வேலைக்கு விட்டாங்க. முந்தி இருந்தவ பேரு ரோசாவாம். உனக்கும் அதே இருக்கட்டும்னுட்டாங்க அந்தம்மா. பதினோரு வருஷம் நான் ரோசா, அக்கா."

"வனாக்குன்னு வச்சா மட்டும் மாத்த மாட்டாங்களா, புள்ள?" என்றான் அவன், மெதுவாக.

அவள் மறுபடி கத்தியை எடுத்து அடுத்த கிழங்கை உரித்தாள். [இங்கே அவளுக்கு ஒரு பதில் எழுதினேன். அது என் குரலாக இருந்ததால் அடித்துவிட்டேன்.]

4.
முடிவு ஒன்று: வனாக்கு என்கிறேன். பிள்ளை பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வருகிறாள்.
முடிவு இரண்டு: லூஸ்மிலா என்கிறேன். சபீனா சிரித்தபடி விருந்து பரிமாறுகிறாள், அதன்பின் என்னோடு பேசுவதில்லை.

5.
நடந்தது இதுதான். முடியை வெட்டினேன். சபீனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. பெயரைச் சொன்னேன்.

எந்தப் பெயர் என்று எழுத மாட்டேன். முதல் இரண்டு வரைவுகளில், கதை வசதிக்காக, பிள்ளைக்கு நானே ஏதோ ஒரு பெயர் போட்டிருந்தேன். அந்த அரேகிப்பா வீட்டம்மாவும் வசதிக்காகத்தானே செய்தாள்? வெட்கமாகப் போய்விட்டது. நீங்களும் மனசில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.