கழட்டிப்போட்ட உடுப்பு

வவுணதீவு வயல்வட்டையில் எண்ணெய் அடிப்பவர்களில் சிவதர்ஷனைப் போல ஒழுங்கானவன் கிடையாது. எண்ணெய் என்பது பேருக்குத்தான், அடிப்பது பூச்சிநஞ்சு. மற்றவர்கள் சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்கையால் கலக்கி அடித்துவிட்டு, தயிர் குடித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று சட்டியைத் தேடுவார்கள். அவனோ மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் இல்லாமல் போத்தலைத் தொடமாட்டான். விவசாயப் போதனாசிரியர் தந்த கையேட்டைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

மனைவி யசோதினிக்கும் அதில் பெருமைதான். வட்டையால் வந்ததும் கிணற்றடியில் எல்லாவற்றையும் கழட்டிப்போட்டு, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் கால்வைப்பான். அந்த உடுப்பை அவள் வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்குவாள். கையுறையையும் உள்வெளியாகப் புரட்டிக் கழுவிக் கொடியில் போடுவாள். கை எரியும், தலை சுற்றும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்று இருந்துவிட்டாள். ஏழு வருசத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை.

நஞ்சு, மருந்து ஏதும் புழங்குவதுண்டா என்று கிளினிக்கில் மிட்வைஃப் கேட்டபோது, அவளை முந்திக்கொண்டு அவன்தான் பதில் சொன்னான்.

"இவ வட்டைப் பக்கமே வாறல்ல மிஸ். நான் விடுறல்ல."

அது பொய்யில்லை. ஐந்தாம் மாதம் பிள்ளை கலைந்தது. ஏனென்று எவராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாமியார் மட்டும் மருமகளின் சாதகம் என்று அறுதியாகச் சொன்னாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அடுத்த போகத்தில் அவர்கள் முற்றத்திலேயே விவசாயிகள் கூட்டம் வைத்தார்கள். சிவதர்ஷனைப் பார்த்து ஊர் பழக வேண்டுமாம். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, கழட்டியும் காட்டினான். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த யசோதினி தட்டை வைத்துவிட்டுப் போதனாசிரியரைக் கேட்டாள்.

"கழட்டினத்த ஆரு சேர் தோய்க்கிற? அதுக்கு ஒண்டும் எழுதல்லையா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் கையேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்தார். தனியாக, கையுறை போட்டுத் தோய்க்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

யசோதினி புருசனைப் பார்த்தாள்.

"வாசிச்சனான்தான்," என்றான் அவன், தலை குனிந்துகொண்டு. "தோய்க்கிற வேல எனக்கில்லத்தானே எண்டு விட்டுட்டன்."

அடுத்த நாள் வட்டையால் வந்து அவன் கழட்டிய உடுப்பை அவள் தொடவில்லை. இரண்டு நாள் கிணற்றடியிலேயே கிடந்தது; அவனும் அதைச் சுற்றிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் மாமியார் முணுமுணுத்துக்கொண்டே வந்து எல்லாவற்றையும் வாளியில் ஊறவைத்து, வெறுங்கையால் கசக்கப் போனாள். யசோதினி ஓடிப்போய்த் தடுத்தாள்.

"விடு புள்ள," என்றாள் கிழவி. "நான் இனிப் பெறவா போறன்?"

வீட்டிலிருந்த ஒரே சோடிக் கையுறை அந்த வாளிக்குள்தான் ஊறிக்கொண்டிருந்தது.