ஏற்றத்தில் நின்ற ஆட்டோ கியர் வண்டி

முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு ரகுபதியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. லாரியை விட்டுவிடலாம் என்றிருந்தபோதுதான், மண்ணூரில் டிரான்ஸ்போர்ட் நடத்தும் மஞ்சுளா கிளட்சே இல்லாத ஆட்டோ கியர் டிரெய்லர் லாரி ஒன்றை வாங்கி அவரிடம் சாவியைக் கொடுத்தார். அதில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிவந்தார் ரகுபதி.

அன்று சுங்குவார்சத்திரத்தில் ஒரு பிரஸ் மெஷினை ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்குப் புறப்பட இருந்தார். எடை போட்டுப் பார்த்தால், சொன்னதைவிட அதிகம். விஷயம் தெரிந்ததும் மஞ்சுளா போனில் பதறினார்.

"வண்டியோட சேத்து அம்பத்தஞ்சு டன் வருதுண்ணா. நம்ம ஆட்டோ கியருக்கு நாப்பத்தொம்போதுதான் லிமிட்டு. இன்ஜின் இழுக்கும், கியர்பாக்ஸ் தாங்காது. இசக்கிபாண்டி கிளட்ச் வச்ச கியர் வண்டிய எடுத்துகினு வரான், அங்கியே நில்லுங்க."

இசக்கிபாண்டி மஞ்சுளாவின் இன்னொரு டிரைவர். இன்று இந்த லோடு அவனிடம் போனால், நாளை எல்லா மெஷின் லோடும் அவனுக்குத்தான் என்று தோன்றியது ரகுபதிக்கு.

"தோ கீது ஒரகடம். நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சமதளத்தில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் ஒரு கார் திடீரென்று நிற்க, அவரும் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்ஜின் உறுமியதே தவிர வண்டி அரை அடிதான் நகர்ந்தது. கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் விளக்கு எரிந்தது. எண்ணெய் கருகும் வாடை கேபினுக்குள் வந்தது.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஷிப்டுக்குப் போகும் பெண்களோடு ஒரு கம்பெனி பஸ்.

அதற்கு மேல் அவர் மிதிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கி, டயர்களுக்குக் கட்டை கொடுத்தார். பஸ்ஸை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு மஞ்சுளாவை அவரே போனில் கூப்பிட்டார்.

"நீ சொன்னத கேக்கலம்மா. பாலத்து ஏத்தத்துல நிக்கறேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல."

"அது போதும். அங்கியே இருங்க."

டிரெய்லர் மாட்டாத கியர் வண்டியோடு இசக்கிபாண்டி வந்தான். தூத்துக்குடிக்காரன்.

"நீங்க ஸ்டீரிங்க மட்டும் புடிங்க அண்ணாச்சி. நான் மெதுவா இழுக்கேன்."

தன் வண்டியை முன்னால் நிறுத்தி, இழுவைக் கம்பி மாட்டிப் பாலத்தைத் தாண்டும் வரை இழுத்தான். கீழே இறங்கியதும் இருவருமாக மெஷின் இருந்த டிரெய்லரை மட்டும் கழற்றி அவன் வண்டியில் மாட்டினார்கள். சூடு ஆறிய தன் வண்டியை டிரெய்லர் இல்லாமல் எடுத்துக்கொண்டு, விளக்குகளைப் போட்டபடி, ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுக்கு வழி ஒதுக்கிக்கொடுத்துக்கொண்டே முன்னால் போனார் ரகுபதி. மெஷின் பத்திரமாக இறங்கியது.

மாலையில் ஷெட்டில் மெக்கானிக் எண்ணெயை மாற்றி, கியர்பாக்ஸ் தப்பித்தது என்றான். மஞ்சுளா பக்கத்தில் வந்து நின்றார்.

"கார் பார்ட்ஸ் லோடு தெனமும் கீதுண்ணா. அதுக்குன்னுதான் இந்த வண்டிய வாங்குனேன். மெஷின் லோட அவன் பாத்துக்கட்டும்."

ரகுபதி வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலைல எத்தினி மணிக்கு லோடு?" என்று கேட்டார்.